மெதுவாக வைத்தால் கேட்பது

யுவனேஸ்வரியும் குகனும் அந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. கிள்ளானிலிருந்து சாமான் ஏற்றி வந்த லோரி தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியதில் கட்டில் கால் ஒன்று உடைந்திருந்தது. மற்றவையெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன.

எஸ்டேட்டின் பழைய கிராணி வீடு அது. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமார் ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. முன்னால் ஹால், நடுவில் படுக்கை அறை, பின்னால் ஒரு சின்ன அறை, அதற்கு அப்பால் சமைக்கக் குசினி. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவு முழுக்கத் தேயிலை. மதியம் தாண்டிவிட்டால் அதுவும் தெரியாது. பனி வந்து ஜன்னலோடு ஒட்டி நின்றுவிடும்.

பின் அறையில் ஒரு வாடை இருந்தது. பூஞ்சை வாடை இல்லை. அது மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. இது புளித்த வாடை. இரவு முழுக்க மூடிக் கிடந்த வாயை ஒருவர் நம் முகத்துக்கு நேராகத் திறந்தால் வருமே, அது. யுவனேஸ்வரி பினாயில் ஊற்றி மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். தரை காய்ந்ததும் வாடை திரும்பி வந்தது. ஆனாலும் அந்த அறையில்தான் அவள் வேலை செய்தாக வேண்டும். வேறு இடமில்லை.

குகன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் போர்மேனாகச் சேர்ந்திருந்தான். முதல் ஆறு மாதம் இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை தூங்குவான். யுவனேஸ்வரிக்கு வீட்டிலிருந்தே வேலை. கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் தமிழ் நாவல்களை ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்து அனுப்பும். அவள் அதைக் கேட்டுச் சுத்தம் செய்வாள். தடுமாற்றம், பெருமூச்சு, தாள் புரளும் ஓசை, எல்லாவற்றுக்கும் மேலாக வாய்ச் சத்தம். உதடு பிரிவது, நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுவது, எச்சில் விழுங்குவது. சாதாரணமாகக் கேட்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வாய்ச் சத்தம் கேட்டால் அவளுக்குக் குடலைப் புரட்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டாள். அந்த அருவருப்புதான் இப்போது அவளுக்குச் சோறு போட்டது.

வழக்கமாக ஹெட்போனில்தான் கேட்பாள். மலைக்கு வந்த இரண்டாம் வாரம் வலது காதில் சீழ் வைத்துவிட்டது. காலையில் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை, அதோடு ஒட்டிக்கொண்ட முடி. தானா ராத்தாவில் டாக்டர் பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஹெட்போனைத் தொடக் கூடாது என்றார். மேசையில் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குகன் தூங்கிக்கொண்டிருந்தான். எனவே மெதுவாகத்தான் வைக்க முடியும்.

மெதுவாக வைத்து வேலை செய்வது சுலபமில்லை. சத்தம் குறையக் குறைய மனிதக் காது முதலில் கனமான தொனியைக் கைவிடும். பிறகு மேலே மினுங்குவதைக் கைவிடும். மிஞ்சுவது நடுவில் இருக்கும் குரல் மட்டும், டெலிபோனில் பேசுவது போல. சரி, பேஸைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று ஏற்றினாள். பலகைச் சுவர் உறுமியது. ஸ்பீக்கர்களின் பின்பக்கத்து ஓட்டை சுவரைப் பார்த்து இருந்ததுதான் காரணம். மேசையைச் சுவரிலிருந்து இரண்டு முழம் இழுத்தாள். பழைய மெத்தையிலிருந்து பஞ்சு வெட்டி ஸ்பீக்கர்களுக்கு அடியில் வைத்தாள். மேசை அதிர்வது நின்றது. புத்தகங்களை அடுக்கிக் காது உயரத்துக்கு ஏற்றினாள். இரண்டும் தன் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி, இடையே இருந்த தூரமும் தனக்கும் அவற்றுக்கும் இருந்த தூரமும் ஒன்றாக வருமாறு உட்கார்ந்தாள். வால்யூம் குமிழை அடியோடு குறைத்தால் வலது பக்கம் மட்டும் பேசுவது தெரிந்தது. குமிழைப் பாதியில் வைத்து, சத்தத்தைக் கம்ப்யூட்டரில் குறைத்தாள். பேஸ் நான்கு புள்ளி. ட்ரெபிள் இரண்டு.

இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் காலை, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போட்டபோது தபேலாவின் அடியும் தம்புராவின் மினுக்கமும் காதோடு கிசுகிசுத்தன. குகன் புரண்டு படுத்தால் கட்டில் முனகுவதுகூட அதைவிடச் சத்தமாக இருந்தது. அப்படி ஒரு துல்லியம். தன் கையால் செய்த காரியம் பற்றி அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

அன்றே கங்கா வாசித்த நாவலைத் திறந்தாள். கங்கா பதினைந்து வருட அனுபவம் உள்ள வாசிப்பாளர். வாய்ச் சத்தம் அதிகம் இருக்காது. ஆனால் முதல் பத்தி முடிந்த இடத்தில் ஒன்று கேட்டது.

ஈரமான ஒரு சப்புதல்.

பல் இல்லாத வாய் பழத்தைச் சப்புவது போல. யுவனேஸ்வரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த இடத்தை வெட்டினாள். அடுத்த வாக்கியத்தின் முடிவில் மறுபடி. வெட்டினாள். மறுபடி. இந்த முறை எச்சில் நூலாக இழுபட்டு அறுவதுகூடத் தெரிந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த இடத்தில் கோடு தட்டையாக இருந்தது. அங்கே ஒலியே இல்லை.

சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். கங்காவின் குரல் மட்டும். குறைத்தாள்.

சப்பியது.

பதிவை நிறுத்தினாள். கங்காவின் குரல் நின்றது.

அது நிற்கவில்லை.

வலது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி. ஒவ்வொரு சப்புதலுக்குப் பிறகும் ஒரு காத்திருப்பு, யாராவது வருவார்களா என்று பார்ப்பது போல. அவள் எழுந்து சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் குசினிக்குப் போய்ப் பல் துலக்கினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் வாய் அசுத்தமாகிவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலை வலது ஸ்பீக்கரின் முன்துணி நனைந்திருந்தது. நடுவிலிருந்து கோழையாக ஒரு இழை இறங்கி, புத்தக அடுக்கைத் தாண்டி மேசை விளிம்பில் தொங்கியது. மலையில் நத்தை அதிகம். நத்தைதான் ஊர்ந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு டிஷ்யூவால் துடைத்தாள். டிஷ்யூ விரலோடு ஒட்டிக்கொண்டது. நத்தை விட்டுப்போன ஈரம் சில்லென்று இருக்க வேண்டும்.

இது வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று குகன் எழுந்ததும் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சத்தத்தை அடியில் வைத்துக் கங்காவை ஓடவிட்டாள். குகன் அரைத் தூக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டான். சிறிது நேரத்தில் அவன் முகம் மாறியது. உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான். எழுந்து வாசல் பக்கம் போய் வெளியே துப்பிவிட்டு வந்தான்.

"நீ சத்தமாவே வச்சுக்கோ, யுவனா," என்றான். "நான் எப்படியாவது தூங்கிக்கிறேன்."

"என்னங்க அது?"

அவன் வாய் கொப்பளிக்கக் குசினிக்குப் போனான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வரவே இல்லை.

கீழே தொழிலாளர் லயத்தில் இருந்த மணியம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். கொழுந்து எடுக்கும் வேலை அவளுக்கு. பக்கத்து மலையில் வேலை முடிந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு யுவனேஸ்வரியிடம் சுடுதண்ணீர் கேட்டு வருவாள். அன்றும் வந்தாள். ஆனால் குசினி வாசலைத் தாண்டமாட்டாள். ஏன் உள்ளே வருவதில்லை என்று யுவனேஸ்வரி கேட்டதற்கு, முதலில் கால் சேறு என்றாள். யுவனேஸ்வரி விடவில்லை. பின் அறையில் யார் இருந்தது என்று நேராகக் கேட்டாள்.

சிங்காரம் கிராணி. ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். வேலையை விட்ட பிறகு மகனும் இங்கேயே கிராணியானதால் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். வாயில் புற்று வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். தாடையில் பாதி போய்விட்டது. பேச்சு இல்லை. உதடு மூடாது. ராவும் பகலும் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். அதில் சீழும் கலந்து வரும். வீட்டில் யாராலும் பக்கத்தில் உட்கார முடியவில்லை. பின் அறையில் கட்டிலைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏதாவது வேண்டுமென்றால் அவர் வாயைச் சப்பிச் சப்பிக் கூப்பிடுவார். அவரால் முடிந்த சத்தம் அது ஒன்றுதான். மருமகள் அது காதில் விழாமல் இருக்க விடிந்ததிலிருந்து டிவியை அலறவிடுவாள். சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

"செத்து ரெண்டு நாள் ஆனது யாருக்கும் தெரியல, தங்கச்சி," என்றாள் மணியம்மா. "டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சு."

யுவனேஸ்வரி சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை அவளிடம் நீட்டினாள். மணியம்மா வாங்கவில்லை.

"நான் அப்ப இந்த வீட்டுல துணி துவைக்க வருவேன். ஒரு நாள் கரண்டு இல்ல, டிவி இல்ல. அவரு கூப்பிட்டாரு. கதவுக்கிட்ட போயி நின்னேன். வாடை தாங்கல. திரும்பி வந்துட்டேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்ன கேட்டிருக்கப் போறாரு? வாயைத் துடைச்சு விடச் சொல்லிருப்பாரு. ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பாரு. அவ்ளோதான்."

அன்று இரவு யுவனேஸ்வரிக்குத் தூக்கம் வரவில்லை. சிங்காரத்தைப் பற்றி அல்ல, தன் அப்பாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து அவருக்கு வாய் கோணியபோது அவள்தான் கஞ்சி ஊட்டினாள், மூன்று நாள். உள்ளே போவதில் பாதி திரும்பி வழியும். அதை வழித்து மறுபடி ஊட்ட வேண்டும். நான்காம் நாள் அண்ணி ப்ரியாவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அப்பா சாகும்வரை அந்த வேலை முடியவில்லை.

மறுநாள் காலை குகன் படுத்து ஒரு மணி நேரம் கழிந்தபின் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனாள். ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. கதவைச் சாத்தாமல் விட்டாள். எந்தப் பதிவையும் ஓட்டாமல் ஸ்பீக்கரை மட்டும் போட்டு, சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

வலது ஸ்பீக்கரின் துணி உள்ளே போய் வெளியே வந்தது. நடுவில் ஈரம் பூத்தது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கோழை திரண்டு வழிய ஆரம்பித்தது. அழுகல் வாடை அவள் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்தது. அவள் வாயால் மூச்சு விட்டாள். உடனே அந்த வாடைக்கு ருசியும் வந்துவிட்டது, செம்புக் காசை நாக்கில் வைத்தது போல. மூக்காலேயே மூச்சு விட்டாள்.

"துடைச்சு விடறேன்," என்று மெதுவாகச் சொன்னாள். "இருங்க."

துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைத்தாள். சப்புதல் நின்றது. ஒரு நீண்ட மூச்சு வந்தது, நிம்மதி போல. துணியைக் கழுவினாள். கிண்ணத்துத் தண்ணீர் கலங்கி அதில் சதைத் துணுக்கு ஒன்று மிதந்தது. பார்க்காமல் மறுபடி பிழிந்து துடைத்தாள்.

முடியும், செய்துவிடலாம் என்று தோன்றிய நொடி அது.

பிறகு ஸ்பீக்கர் மிக மெதுவாக, குழறலாக, ஒரு சொல்லைச் சொன்னது.

"...ண்ணி."

அவள் துணியின் நுனியை நீரில் தோய்த்து ஸ்பீக்கரின் நடுவில் வைத்தாள். ஸ்பீக்கரின் முன்துணிக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒன்று, மிருதுவாக, பல் இல்லாமல், அவள் விரல்களைச் சுற்றி மூடிக்கொண்டது. உறிஞ்சியது. கைக்குழந்தை பால் குடிப்பது போல ஆவலோடு உறிஞ்சியது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நெஞ்சு வரை வந்த வாந்தியை விழுங்கினாள். பத்து நொடி இருக்கும்.

அப்போது ஒரு நாக்கு அவள் உள்ளங்கையை நக்கியது. சொரசொரப்பாக, தடவித் தடவி, நன்றி சொல்வது போல.

யுவனேஸ்வரி கையைப் பிடுங்கினாள். கிண்ணம் கவிழ்ந்தது. நாற்காலி மீது, மேசை மீது, தன் காலின் மீதே வாந்தி எடுத்தாள். சப்புதல் திரும்ப ஆரம்பித்தது, வேகமாக, கெஞ்சலாக, மேலும் மேலும். துடைத்தவள் போய்விடப் போகிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அவள் கங்காவை ஓடவிட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றினாள்.

வீடே அதிர்ந்தது. கங்காவின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. வேறு எதுவும் கேட்கவில்லை. படுக்கை அறையில் குகன் விழித்திருப்பான். யாரும் தூங்கியிருக்க முடியாது. ஆனால் அவன் எழுந்து வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை.

அந்த வாரமே பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்கு மேல் அறை பார்த்துக் குடிபோனார்கள். ஸ்பீக்கர் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். குகன் தினமும் மோட்டார் சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போய் வந்தான். யுவனேஸ்வரி ஒரு நாளைக்கு இருபது தடவை வலது கையைக் கழுவினாள். தோல் உரிந்து புண்ணானது. அதுவும் மெல்ல ஆறியது. காதும் ஆறியது. ஹெட்போன் போட்டுக் கங்காவின் நாவலை முடித்து அனுப்பினாள். அதில் ஒரு குறையும் இல்லை என்று நிறுவனத்திலிருந்து எழுதினார்கள்.

நான்கு மாதம் கழித்து, அவள் காதுக்குப் பார்த்த ஆஸ்பத்திரியின் கடிதம் ஒன்று பழைய முகவரிக்குப் போய்விட்டது. எஸ்டேட் ஆபீசில் கேட்டதற்கு, புதிதாக வந்திருக்கும் கிராணி தனேஸ் வீட்டில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். குகன் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்றான். ஒரு பிற்பகல், மனமில்லாமல் அவளே போனாள். வீட்டுக்கு முந்தின மலைத் திருப்பத்திலேயே ரேடியோ கேட்டது. வீட்டை நெருங்க நெருங்கக் காது வலித்தது.

தனேஸின் மனைவி நீலாவதி கதவைத் திறந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை. வந்த காரணத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நீலாவதியும் கத்திப் பதில் சொன்னாள். உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டுக் கடிதத்தைத் தேடினாள். பின் அறைக் கதவில் குறுக்காக இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. யுவனேஸ்வரி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நீலாவதி பார்த்தாள்.

கடிதம் கைக்கு வந்த நேரத்தில் விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைந்தது. ரேடியோ நின்றது.

வெளியே பனி. வீடு முழுக்க அமைதி.

நீலாவதி அவள் கண்களையே பார்த்தபடி உரத்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"முட்டைக்கோஸ் வாங்கணும்! தக்காளி வாங்கணும்! கத்திரிக்கா வாங்கணும்! நாளைக்கு ராத்திரி பாசார் மாலாம் சந்தைக்குப் போகணும்!"

யுவனேஸ்வரி கடிதத்தை மடியில் வைத்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

"உருளைக்கிழங்கு! பச்சை மிளகா! செலடி! கேரட்டு!"

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து காய்கறிப் பேர்களைக் கத்தினார்கள். நீலாவதியின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அவள் துடைக்கவில்லை. வாயில் வந்த காய்ப் பேரெல்லாம் தீர்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கட்டத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கியது.

அந்த இடைவெளியில் அது சப்பியது. ஆணி அடித்த அறைக்குள்ளிருந்து அல்ல.

அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில்.